முறை வந்த கார், மனசு போன கார்

பழைய கார் விற்கிறவனுக்கு நல்ல நாக்கு வேண்டும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு கூடுதல் நாற்காலியும் இரண்டு காதும்தான். வருகிறவர்கள் காரைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுவார்கள். பிறகு வீட்டைப் பற்றி ஆரம்பித்தால், டீ இரண்டாம் தடவை வந்துவிடும். கடைசியில் வண்டியின் மூக்கை ஒரு தட்டு தட்டிவிட்டு, "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று போய்விடுவார்கள். இதைப் படிக்கிற உங்களில் துணிக்கடை வைத்தவர், வீட்டுத் தரகர், வரன் பார்த்துக் கொடுக்கிறவர் யாராவது இருந்தால், இந்த வாக்கியத்தை நீங்களும் எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். நாம் எல்லாரும் ஒரே ஜாதி.

என் ஷெட் அம்பத்தூரில், எம்.டி.எச். ரோட்டில், ஓ.டி. பஸ் நிலையத்தைத் தாண்டி இருந்தது. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் புதுக் கார் வேண்டுமென்றால் பேர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாதி மறந்தே போன பிறகு ஒருநாள், "உங்கள் முறை வந்துவிட்டது" என்பார்கள். புதுக் கார் ஏஜென்சியில் வேலை பார்த்த நடராஜன் என் சிநேகிதன். இந்தப் பக்கத்து ஜனங்கள் வண்டியைப் பார்ப்பதற்காக மவுண்ட் ரோடு வரை அலைய வேண்டாமே என்று, மாதிரிக்கு ஒரு சின்னக் காரை என் ஷெட்டில் விட்டுவைத்திருந்தான். க்ரீம் கலர், நாலு கதவு. நாலு பேருக்குச் சௌகரியம், ஆறு பேருக்குச் சமாளிப்பு.

அதற்குப் பக்கத்தில் பச்சை நின்றது. இங்கே ஒரு ஃபாக்டரியில் மெஷின் பூட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினீயர் ஊர் திரும்பும்போது எனக்கு விற்றுவிட்டுப் போன சீமை வண்டி. ஸ்போர்ட்ஸ் கூப்பே என்பார்கள். இரண்டே கதவு, இரண்டே சீட்டு, நீண்ட மூக்கு, தரையோடு தரையாகப் படிந்த உடம்பு. பழசாகிவிட்டதால் விலை இறங்கி, க்ரீம் கார் என்ன விலையோ அதுவேதான் அதற்கும். முறை வந்தவர் க்ரீமைப் பார்க்க வருவார். பச்சையைப் பார்த்து நின்றுவிடுவார். என் மெக்கானிக் தனபாலுக்குப் பக்கத்துப் பாடிதான் ஊர். ஒருவர் அப்படி நின்றுவிட்டால் போதும், கையைத் துடைத்துக்கொண்டு டீ சொல்லப் போய்விடுவார்.

கம்மல் தெரிய வேண்டும்

முகப்பேர் ஏகாம்பரம் தன் மனைவி கன்னியம்மாவோடு வந்தார். தொழிற்பேட்டைக்குக் கொஞ்சம் நிலத்தைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் கத்திரியும் கீரையும் போட்டுக்கொண்டிருந்தவர். "பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு மறுநாளே பேர் குட்த்தேன் நைனா. அவளுக்குக் கல்யாணம் ஆயி, ரெண்டு கொயந்த பொறந்து, மூத்தது இஸ்கூலுக்குப் போவுது. இப்பத்தான் முறை வந்துகீது" என்றார். ஏன் மறுநாளே என்று கேட்டேன். நிச்சயதார்த்தத்துக்கு இவர்கள் பூந்தமல்லியில் சம்பந்தி வீட்டு வாசலில் மாட்டு வண்டியில் போய் இறங்கியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "காய் வண்டி வந்திருக்கு, பின்பக்கமாப் போகச் சொல்லு" என்றிருக்கிறாள். கன்னியம்மாவும் ஒரு வார்த்தை சொல்லாமல், பெண்ணின் கல்யாணம் நல்லபடி நடக்கவேண்டுமே என்று, பட்டுப்புடவையோடு பின்பக்கமாகவே போயிருக்கிறாள்.

ஏகாம்பரத்துக்கும் முதலில் பச்சை மேல்தான் கண் போயிற்று. உள்ளே உட்கார்ந்து காலை நீட்டி, "இன்னா நைனா, இது குந்தறதுக்கா, படுக்கறதுக்கா?" என்றார். ஆனால் முகத்தில் சந்தோஷம். அப்புறம் என்ன தோன்றியதோ, இறங்கி, கன்னியம்மாவை உள்ளே உட்கார வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று குனிந்து பார்த்தார். "கொண்டைப் பூதான் தெரியுது!" என்று அங்கிருந்தே கத்தினார். அடுத்து க்ரீம் காரில் உட்காரச் சொன்னார். நடுவில் ஒரு லாரி வந்து மறைக்க, அது போகும்வரை பொறுமையில்லாமல் கையை ஆட்டிக்கொண்டு நின்றார். "ஆங், கம்மல் தெரியுது! மூக்குத்தி தெரியுது! இத்தான், இத்தான்!" டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிக் கன்னியம்மாவின் மூக்குத்தியைப் பார்த்தார்கள்.

க்ரீம் என்று முடிவாகிவிட்டது. அவர் சந்தோஷத்தில் தனபாலோடு டீ குடிக்கப் போனார். கன்னியம்மா மட்டும் பச்சை வண்டியின் கதவை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். அதுவரை வாய் திறக்காதவள், அவர் காதில் விழாதபடி என்னிடம் சொன்னாள்:

"அவுரு ஆசைக்கு அதுலயே குந்திக்கிறேன். என்னக் கேட்டா இந்தப் பச்சதான். எந்தப் பெரியம்மா கண்ணுலயும் படாம, அவுரும் நானுமா போயிக்கினே இருக்கலாம்."

முதுகு வலி

ஆவடி ஃபாக்டரியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த சுந்தரமூர்த்திக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. க்ரீம் காருக்கான முறை மாமனார் பதிந்து வைத்தது, கல்யாணச் சீராக வந்தது. மனசோ பச்சையிடம் போய்விட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் ஏறினார். கோயிலுக்குள் போகிறவர் மாதிரி ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மனைவி ஜெயாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார், பாடி வரை ஒரு ட்ரையல் போய்வரலாம் என்று. பாடி ரோட்டில் அப்போது குழாய் பதிக்க வெட்டிப் போட்டிருந்தார்கள்.

"நீங்க போய்ட்டு வாங்க" என்றாள் ஜெயா.

"நீ இல்லாம என்ன ட்ரையல்?"

"இது தூக்கித் தூக்கிப் போடும்னு தோணுது."

அதில் அவள் சொன்னது சரி. பச்சையின் ஸ்பிரிங் கொஞ்சம் கல் மாதிரிதான். நானும் ஒப்புக்கொண்டேன். சுந்தரமூர்த்தி விடுவதாக இல்லை. "கொஞ்சம் குலுங்கினா என்ன, உடைஞ்சா போயிடுவே?" என்றார்.

"டாக்டரம்மா குலுங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அவர் முகம் மாறிவிட்டது. உண்மையாகவே பயந்துபோனார். "ஏன், முதுகு வலியா? எங்கிட்டே சொல்லவே இல்லையே! எப்போ டாக்டர்கிட்டே போனே? தைலம் ஏதாவது குடுத்தாங்களா?" ஜெயா தகரக் கூரையைப் பார்த்தாள். நான் என் நகத்தைப் பார்த்தேன். பக்கத்து வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து வேலை செய்துகொண்டிருந்த தனபால் பாதி உடம்பை வெளியே இழுத்து, "சார், அந்தம்மா முதுகப் பத்திப் பேசல சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார்.

சுந்தரமூர்த்திக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் பச்சையிலிருந்து இறங்கினார். செருப்பைப் போட மறந்துவிட்டார். நேரே போய் க்ரீம் காரின் பின்கதவைத் திறந்து, சீட்டை இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கி அமுக்கிப் பார்த்தார், மெத்தென்று இருக்கிறதா என்று. அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து ஜெயாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. என்னிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னாள்:

"வெள்ளிக்கிழமை திருவேற்காட்டுல, அம்மன் சன்னதியில வெச்சுச் சொல்லலாம்னு இருந்தேன். தைலம் குடுத்தாங்களான்னு கேட்டாரு பாருங்க, அதுக்கு மேல பொறுக்க முடியலே."

ஏறி உட்கார்ந்தவர்

ஒரு ஐப்பசியில் அம்பத்தூர் ஏரி நிரம்பி வழிந்து, ரோட்டுத் தண்ணீர் ஷெட்டுக்குள் வந்துவிட்டது. க்ரீம் காருக்கு டயர் மட்டும் நனைந்தது. பச்சை தாழ்ந்த வண்டி ஆயிற்றே, சீட்டு வரை தண்ணீர். மழை விட்ட பிறகு நானும் தனபாலும் கதவைத் திறந்தால், டிரைவர் சீட்டின் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் ஒரு கெண்டை மீன் நிம்மதியாக வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அந்த மாதம் பூராவும் அந்த வண்டியைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வெளியே நின்று பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டில் கேட்கப் போயிருந்தார்கள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். தனபால் மீனை இரண்டு கையிலும் அள்ளி, ரோட்டைத் தாண்டிக் கால்வாயில் விட்டுவிட்டு வந்து, என்னைச் சமாதானப்படுத்துகிறவர் போலச் சொன்னார்:

"வுடு சார். இந்த மாசம் இத்தினி பேர் வந்தாங்க, உள்ள ஏறி சீட்டுல குந்துனது இது ஒண்ணுதான்."

சனிக்கிழமை விருந்தாளி

நடராஜனைப் பற்றிச் சொன்னேனே, புதுக் கார் ஏஜென்சியில் இருந்தவன். என் பார்வையில் அவன் வேலை சொர்க்கம். யாரையும் வாங்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை. வாங்க வந்தவர்கள் அவனிடம் கெஞ்சுவார்கள். மந்திரி வீட்டுச் சிபாரிசோடு வருவார்கள், மல்லிகைப்பூப் பந்தோடு வருவார்கள். அப்படிப்பட்டவன் சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் ரயிலேறி அம்பத்தூர் வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தனபாலோடு சேர்ந்து பச்சை வண்டிக்குப் பாலிஷ் போடுவான். நல்ல கைநேர்த்தி வேறு, அவன் துடைத்தால் பானெட்டில் முகம் பார்க்கலாம். "உனக்கு என்னடா தலையெழுத்து, ஆயிரம் பேர் உன் பின்னால் நிற்கிறார்கள், நீ இங்கே வந்து துடைக்கிறாயே" என்று ஒருநாள் கேட்டேன். துணியைப் பிழிந்துகொண்டே சொன்னான்:

"எங்க கடையில கார் எங்கே இருக்கு? வரிசைதான் இருக்கு. வாரத்துல ஒருநாளாவது ஒரு காரைத் தொட்டுப் பார்க்க வேணாமா?"

ஆள் இல்லாத ரோட்டில்

ராமலிங்கம் விமானப்படைக்காரர். திருநெல்வேலிப் பக்கத்து ஊர். இங்கே முத்தாபுதுப்பேட்டையில் வேலை. லீவு நாளில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவார். ஸ்டாண்டு போட்டுவிட்டு, பச்சை வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பார். "நான் வாங்கற ஆள் இல்லை சார், பார்க்கற ஆள்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் அவரோடு பேசுவது எனக்கு நிம்மதியாக இருக்கும். தனபால் பானெட்டைத் திறந்து காட்டுவார். இரண்டு பேரும் தலையை உள்ளே விட்டுக்கொண்டு அரைமணி நேரம் வெளியே வரமாட்டார்கள். பிறகு எழுபத்தொன்றாம் வருஷச் சண்டை வந்தது. வடக்கே எங்கோ அனுப்பிவிட்டார்கள். சைக்கிள் வருவது நின்றுபோயிற்று.

மறுபடி அவர் வந்தபோது டாக்ஸியில் வந்தார். கூட அவருடைய அக்கா பாக்கியம். ராமலிங்கத்துக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஜீப் கவிழ்ந்து அடிபட்டதாம். கட்டைக்கால் போட்டிருந்தார்கள். அது இன்னும் பழகாததால் கையில் ஒரு ஊன்றுகோல். படையில் அடிபட்டவர்களுக்கு வரிசை இல்லாமல் முறை கொடுத்திருந்தார்கள். "தம்பிக்கு இந்த வெள்ளைக் காரே போதும், இல்லையா சார்?" என்று அக்கா க்ரீமைக் காட்டினாள். அவர் அவள் சொன்னதைக் கேட்கவே இல்லை. பச்சையிடம் போய், "இன்னும் இருக்கியா?" என்றார். பிறகு தனபாலைப் பார்த்து, "அண்ணாச்சி, கிளட்ச் மிதிக்க எனக்குக் கால் இல்லையே, என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். அன்று வேறு வேலை எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டார் தனபால். கியர் தண்டோடு சேர்ந்த மாதிரி ஒரு கைப்பிடி வைத்து, அதை இறுக்கினால் கிளட்ச் இறங்கும்படி கேபிள் போட்டார். சரியாக வரவில்லை. பிரித்தார், மறுபடி போட்டார். ஒரு வாரம் அதே வேலைதான். வீட்டுக்குப் போகிற வழியில்கூடக் கையைக் காற்றில் இறுக்கி இறுக்கிப் பார்த்துக்கொண்டே போனதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தொழிற்பேட்டைக்குள் ஒரு ஈ காக்கை இருக்காது. எல்லாக் கேட்டும் மூடியிருக்கும், ரோடு பூராவும் நமக்குத்தான். அங்கே கொண்டுபோய் வண்டியைக் கொடுத்தோம். பக்கத்தில் தனபால் உட்கார்ந்தார். நானும் அக்காவும் மூலையில் ஒரு வேப்பமர நிழலில் நின்றோம். முதலில் இரண்டு தடவை உதறி நின்றுவிட்டது. மூன்றாவது தடவை கிளம்பிற்று பாருங்கள். அந்த வண்டியிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ரோட்டின் கோடிவரை போய்த் திரும்பி, எங்களைக் கடந்து, மறுபடி திரும்பி வந்தது. ஜன்னலில் தெரிந்த அவர் முகத்தில் அந்தச் சைக்கிள்காரர் இருந்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்றைக்குப் பச்சை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன். கொடுக்க மனசு நிறைந்திருந்தது.

வண்டியை நிறுத்தினார். கதவைத் திறந்தார். இறங்க முடியவில்லை. சீட்டு தரையோடு தரையாக இருக்கிறது. கையை ஊன்றி எழுந்தால் கட்டைக்கால் வழுக்குகிறது, பாதி எழுந்து மறுபடி உள்ளே விழுகிறார். தனபால் சுற்றி ஓடிவந்து கையை நீட்டினார். "இருங்க" என்றார் ராமலிங்கம். இன்னொரு தடவை முயன்றார். இன்னொரு தடவையும். அக்கா மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசியில் தனபாலின் கையைப் பிடித்துத்தான் வெளியே வந்தார். ஷெட்டுக்குத் திரும்பியதும் க்ரீம் காரிடம் தானாகவே போனார். ஏறினார், இறங்கினார். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை ஏறி, இன்னொரு முறை இறங்கினார், யாருடைய கையும் இல்லாமல். தனபாலின் ஒரு வாரத்து உழைப்பு பச்சையில் இருந்தது. அதைக் கழற்றிப் புது வண்டியில் மாட்ட வேண்டும். அவர் ஸ்பானரை எடுத்து அப்போதே கழற்ற ஆரம்பித்துவிட்டார். ராமலிங்கம் பச்சையின் கூரையில் கையை வைத்தபடி சொன்னார்:

"ஓட்டற வரைக்கும் இதுதான் சார் காரு. ஆனா போய்ச் சேர்ந்த இடத்துல நானா இறங்கணும்லா?"

ஒவ்வொருத்தராக

பூந்தமல்லி டாக்டரம்மா சுலோசனாவை அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரும் அண்ணன் சபாபதியின் குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். டாக்டரம்மாவிடம் ஒரு பழைய கறுப்புக் கார் உண்டு. ஆனால் அதில் அவர் போய் நான் பார்த்ததில்லை. அண்ணன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள், அண்ணி கோயிலுக்குப் போவாள், அண்ணியின் தங்கையைச் சென்ட்ரலிலிருந்து அழைத்து வருவார்கள், மில்லிலிருந்து அரிசி மூட்டை வரும். டாக்டரம்மா சைக்கிள் ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தக் கறுப்புக் கார் ஒருவழியாக உயிரை விட்ட சமயத்தில், புதுக் காருக்கு அவருடைய முறை வந்தது.

குடும்பமே பார்க்க வந்தது. வந்த வேகத்தில் க்ரீம் காரின் நாலு கதவும் திறந்தன. பெரியவன் ஜன்னலோரம், சின்னவள் அம்மா மடியில், அண்ணன் முன்னால், அவர் மைத்துனர் ஸ்டீயரிங்கில் என்று இடம் பிரித்துக்கொண்டார்கள். அதில் சண்டையும் சிரிப்பும். கெட்ட மனிதர்கள் இல்லை, கலகலப்பான குடும்பம். டாக்டரம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சபாபதிக்கு ஞாபகம் வந்தது. "சுலோ, நீ வா. இவனைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னா இடம் ஆயிடும்" என்றார். டாக்டரம்மா, "உட்காருங்கோ, உட்காருங்கோ" என்று சொல்லிவிட்டு மெதுவாகப் பச்சையிடம் நடந்தார்.

உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஸ்டீயரிங்கைப் பிடித்தார். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். "இதில எத்தனை பேர் போகலாம்?" என்று என்னைக் கேட்டார்.

"ரெண்டு பேர், டாக்டர். பின்னால ஒரு பெட்டி வைக்கலாம்."

"நிச்சயமா ரெண்டு பேர்தானே?"

நான் எத்தனையோ பேரிடம் அந்த வண்டியின் குறையாக அதைச் சொல்லி வருந்தியிருக்கிறேன். முதல் தடவையாகப் பெருமையோடு, "நிச்சயமா" என்றேன். அவர் சாவியைக் கேட்டு வாங்கி, குத்தம்பாக்கம் ரோடு வரை என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினார். அரசாங்க முகாம்களில் ஜீப் ஓட்டிப் பழகிய கை. திரும்பி வந்ததும், "இதையே எடுத்துக்கறேன்" என்றார்.

சபாபதி ஆடிப்போய்விட்டார். பழைய வண்டி, சாமான் கிடைக்காது, பெட்ரோல் குடிக்கும், ஊர் என்ன சொல்லும் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் நியாயம்தான். டாக்டரம்மா நோயாளி சொல்வதைக் கேட்பது போலப் பொறுமையாகக் கேட்டார். க்ரீம் காருக்கான முறையை அண்ணன் பேருக்கே மாற்றிக்கொள்ளட்டும், கட்ட வேண்டியதை அவர் கட்டிக்கொள்ளட்டும் என்றார். அப்புறம் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவிச்சுக்காதே அண்ணா. உங்களையெல்லாம் ஏத்த மாட்டேன்னு சொல்லலே. ஒவ்வொருத்தரா வாங்கோ. உங்கள்ல ஒருத்தரோடயும் நான் உட்கார்ந்து பேசி எத்தனையோ வருஷமாச்சு" என்றார். க்ரீம் காரிலிருந்து அண்ணிதான் முதலில் இறங்கினாள். மடிசார் தடுக்கத் தடுக்கப் பச்சையில் ஏறி, நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்புறம் பூந்தமல்லி ரோட்டில் காலை நேரங்களில் பச்சையைப் பார்ப்பேன். ஒருநாள் பக்கத்தில் அண்ணி, ஒருநாள் பெரிய பையன், ஒருநாள் சின்னவள். சபாபதி மட்டும் ரொம்ப நாள் ரோஷமாக இருந்தார். பிறகு ஒருநாள் அவரும் அதில் போவதைப் பார்த்தேன், முழங்கால் மூக்கைத் தொட ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு. சில வாரம் கழித்து ஷெட்டுக்கு வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் என் கூடுதல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்கிற மாதிரி சொன்னார்:

"பொறந்ததுலேர்ந்து ஒரே வீட்டுல இருக்கோம். அவ வண்டி ஓட்டிண்டே பாடுவான்னு எனக்கு இப்பத்தான் சார் தெரியும்."

இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்ததில், வருகிறவர் காரைப் பார்க்கிற பார்வையைவிடக் கூட வந்தவரைப் பார்க்கிற பார்வையைக் கவனித்தால் எதை வாங்குவார் என்று சொல்லிவிடலாம் என்று கண்டுபிடித்தேன், அப்படிச் சொன்னதிலும் பாதி தப்பாகத்தான் போயிற்று.